நீண்ட தூர சைக்கிள் பயணம்: எத்தனை கிலோ லக்கேஜ் தாங்கும்? தருமபுரி சாலைகள் சொல்லும் கணக்கு

ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடிகிறது தேசிய நெடுஞ்சாலை 44. நாட்டின் மிக நீளமான இந்த நெடுஞ்சாலை தமிழ்நாட்டுக்குள் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் வழியாகத்தான் இறங்குகிறது. அதனால் காஷ்மீர் முதல் குமரி வரை சைக்கிளில் போகிறவர்களையும், பெங்களூருவிலிருந்து தெற்கே கிளம்புகிறவர்களையும் தருமபுரி மாவட்டத்தில் அடிக்கடி பார்க்கலாம். சிலர் கேரியரில் ஒரு சின்ன பையோடு போகிறார்கள். சிலர் முன்னும் பின்னும் மூட்டை கட்டி, குடும்பமே குடிபெயர்வது போலப் போகிறார்கள்.

இதில் யார் செய்வது சரி? எத்தனை கிலோ வரை எடுத்துப் போகலாம்? எதை வீட்டிலேயே விட வேண்டும்?

எடை கூடினால் உண்மையில் என்ன ஆகும்?

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தருமபுரி சுமார் 470 மீட்டர். அதாவது சேலத்திலிருந்து தருமபுரிக்கு சைக்கிள் மிதித்தால் ஏறக்குறைய 190 மீட்டர் மேலே ஏற வேண்டும். தொப்பூர் கணவாய் இந்த வழியில்தான் வருகிறது.

கூடுதலாக 10 கிலோ லக்கேஜை இந்த 190 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற உடல் செலவழிக்கும் சக்தி ஏறக்குறைய 20 கலோரி. ஒரு இட்லியில் பாதிகூட இல்லை. ‘அவ்வளவுதானா?’ என்று தோன்றும். ஆனால் சிக்கல் சாப்பாட்டுக் கணக்கில் இல்லை.

முதல் சிக்கல், நேரம். ஆள் 65 கிலோ, சைக்கிள் 15 கிலோ, லக்கேஜ் 10 கிலோ என்றால் மொத்தம் 90 கிலோ. லக்கேஜ் 20 கிலோ ஆனால் மொத்தம் 100. அதே பலத்தில் மிதித்தால், 45 நிமிடத்தில் முடிய வேண்டிய ஏற்றம் 50 நிமிடம் ஆகும். ஒரு ஏற்றத்துக்கு 5 நிமிடம் பெரிதில்லை. நாள் முழுக்க ஏற்றமும் இறக்கமுமாக, 10, 15 நாள் போகும்போது முழங்கால் அந்தக் கணக்கைக் காட்டிவிடும்.

இரண்டாவது சிக்கல், சைக்கிள். எடை பெரும்பாலும் பின் சக்கரத்தில்தான் விழும். முதலில் உடைவதும் பின் சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பிதான். ஒரு கம்பி போனால் ரிம் கோணும், கோணிய ரிம் பிரேக்கில் உரசும்.

மூன்றாவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது: இறக்கம்.

சமதளத்தில் நிலைமை வேறு. மொரப்பூர், அரூர் பக்கம் போல பெரிய ஏற்றமில்லாத ரோட்டில் ஒரே வேகத்தில் போகும்போது எடை அதிகம் தெரியாது. அங்கே காற்றுதான் எதிரி. பக்கவாட்டில் புடைத்துக்கொண்டிருக்கும் பை, எடை குறைவாக இருந்தாலும் காற்றைப் பிடித்து இழுக்கும்.

தொப்பூர் இறக்கத்தில் ஏன் கவனம்?

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிப் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கம். லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதும் விபத்துகளுக்குப் பெயர்போன இடம். இரட்டைப் பாலம் பகுதி செய்திகளில் அடிக்கடி வருவது அதனால்தான்.

லாரிக்கு உள்ள அதே விதிதான் சைக்கிளுக்கும். மேலே இருந்து கீழே வரும்போது வேகத்தைக் கட்டுப்படுத்த, சேரும் சக்தியை பிரேக்தான் சூடாக மாற்றி வெளியேற்ற வேண்டும். எடை கூடக் கூட அந்தச் சூடும் கூடும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ள சைக்கிளில், இறக்கம் முழுக்க பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் கொதிக்கும், பிரேக் கட்டை தேயும், டியூப் வெடிக்கவும் வாய்ப்புண்டு.

எனவே லக்கேஜோடு இறங்குகிறவர்கள் செய்ய வேண்டியவை:

• இறக்கம் தொடங்கும் முன்பே நிறுத்தி இரண்டு பிரேக்கையும், பை கட்டிய கயிறையும் சரிபார்க்க வேண்டும்.
• பிரேக்கை விடாமல் அழுத்தக் கூடாது. கொஞ்சம் பலமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும்.
• நடுவில் பாதுகாப்பான இடம் இருந்தால் நிறுத்தி ரிம்மை ஆறவிடலாம்.
• இரவிலும் மழையிலும் இந்த இறக்கத்தைத் தவிர்ப்பது நல்லது.
• பக்கவாட்டுப் பைகள் ஹேண்டில்பாரின் அகலத்தைத் தாண்டக் கூடாது. லாரி ஒட்டிக் கடக்கும்போது அதுதான் முதலில் மாட்டும்.

அப்படியானால் எத்தனை கிலோ?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. ஆனால் நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களின் வழக்கத்தில் இரண்டு அளவுகள் உண்டு. இரவில் லாட்ஜில் தங்கி, ஓட்டலில் சாப்பிடுகிறவர்களுக்கு தண்ணீர் தவிர 6 முதல் 10 கிலோ போதும். கூடாரம், படுக்கை, அடுப்பு எல்லாம் கொண்டுபோகிறவர்களுக்கு 15 முதல் 20 கிலோ வரை ஆகிவிடும்.

தருமபுரி, அரூர், ஒகேனக்கல் என எங்கும் தங்க இடம் கிடைக்கும். வனப்பகுதியில் வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாரம் போட முடியாது. எனவே தமிழ்நாட்டுக்குள் மட்டும் சுற்றுகிறவர்களுக்கு கூடாரம் பெரும்பாலும் வீண் சுமை.

கேரியரின் தாங்கும் அளவையும் பார்க்க வேண்டும். பல கேரியர்களில் அதிகபட்சம் 25 கிலோ என்று பொறித்தே இருக்கும். அந்த அளவு கேரியருக்குத்தான். சக்கரமும் அதைத் தாங்கும் என்று அர்த்தமில்லை.

‘வழியில் கிடைக்குமா?’ - இதுதான் முக்கியக் கேள்வி

பை கட்டும்போது பலரும் கேட்டுக்கொள்வது, ‘இது தேவைப்படுமா?’ என்றுதான். அப்படிக் கேட்டால் எல்லாமே தேவைப்படும். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று ஒவ்வொன்றாக உள்ளே போகும். அதைவிட, ‘இது இல்லாமல் போனால், வழியில் கிடைக்குமா?’ என்று கேட்பது சரியான விடையைத் தரும்.

சோப்பு, எண்ணெய், பிஸ்கட், குளுக்கோஸ், ஓஆர்எஸ் பாக்கெட், துண்டு, பிளாஸ்டிக் ஷீட் எல்லாம் பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் என எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். இவற்றைக் கிலோக் கணக்கில் சுமக்க வேண்டியதில்லை.

ஆனால் கியர் சைக்கிளின் உதிரி பாகங்கள் அப்படி இல்லை. ஊர்ப்புற பஞ்சர் கடையில் இருப்பது பெரும்பாலும் சாதாரண சைக்கிளுக்கான டயர், டியூப், வால்டியூப். டயரின் பக்கவாட்டில் 622 என்ற எண் இருந்தால் அது 700சி எனப்படும் அளவு. 635 என்றிருந்தால் பழைய 28 இன்ச் சைக்கிள் அளவு. ஒன்றின் டயர் இன்னொன்றில் உட்காராது.

வால்விலும் இதே கதைதான். கார், பைக்கில் இருப்பது போன்ற தடித்த வால்வு என்றால் எந்த பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். ஒல்லியான பிரெஸ்டா வால்வு என்றால் அதற்கான சின்ன அடாப்டர் கையில் இருக்க வேண்டும். அதன் எடை சில கிராம்தான். அது இல்லையென்றால் கடை எதிரிலேயே இருந்தாலும் பயனில்லை.

விலை உயர்ந்த சைக்கிளுக்கு உதிரி பாகம் அதிகம் சுமக்க வேண்டும் என்பது இதனால்தான். பள்ளியில் அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிளில் கியர் கிடையாது, ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். ஆனால் அது பழுதானால் அடுத்த ஊரிலேயே சரிசெய்துவிடலாம்.

இது புதிய யோசனையும் இல்லை. அயர்லாந்து எழுத்தாளர் டெர்வ்லா மர்ஃபி 1963-ல் தனியாக சைக்கிளில் இந்தியா வரை வந்தார். கிளம்பும் முன் சைக்கிளிலிருந்த கியர் அமைப்பையே கழற்றிவிட்டார். ஆசிய ரோடுகளில் அது தாங்காது என்பது அவர் கணிப்பு. ஏற்றம் கஷ்டமாகும் என்று தெரிந்தும், பழுதாகக்கூடியதைக் குறைப்பதையே தேர்ந்தெடுத்தார்.

எதை எடுக்கலாம், எதை விடலாம்?

கட்டாயம் எடுக்க வேண்டியவை: சைக்கிள் அளவுக்குச் சரியான 2 டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், டயர் கழற்றும் லீவர், காற்றடிக்கும் பம்ப், ஆலன் கீ செட், சரியான நீளத்தில் 2, 3 ஸ்போக்ஸ் கம்பி, செயின் இணைப்பு லிங்க், பிரேக் கட்டை, கியர் சைக்கிள் என்றால் கியர் ஹேங்கர். முன்னும் பின்னும் விளக்கு. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைகள், கண்ணாடி போடுகிறவர்களுக்கு இன்னொரு கண்ணாடி, அடையாள அட்டை.

உடை: ஓட்ட 2 செட், இரவுக்கு ஒரு செட். தினமும் துவைத்துக் காயப்போட்டால் போதும். ஜீன்ஸ் பேன்ட் ஒன்றே அரை கிலோவுக்கு மேல் இருக்கும், நனைந்தால் சீக்கிரம் காயாது. ஒரு லுங்கி பல வேலைக்கு உதவும். போர்வை, துண்டு, உடை மாற்ற மறைப்பு, வெயிலுக்குத் தலையில் போட்டுக்கொள்ள என எல்லாவற்றுக்கும் அது ஒன்று போதும்.

விட்டுவிடலாம்: கூடாரம், அடுப்பு, தடித்த டவல், இரண்டாவது ஜோடி ஷூ, பெரிய ஷாம்பு பாட்டில், ‘நேரம் கிடைத்தால் படிக்கலாம்’ என்று வைக்கும் புத்தகங்கள்.

நண்பர்கள் நாலு பேராகப் போனால் பம்ப், டூல்ஸ், மருந்துப் பெட்டி ஆகியவை குழுவுக்கு ஒன்று போதும். டியூப் மட்டும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஏனென்றால் ஒவ்வொரு சைக்கிளின் அளவும் வேறாக இருக்கலாம்.

தண்ணீரைக் குறைக்கக் கூடாது

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பையிலேயே கனமான பொருள் இதுதான். எடையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பதும் இதில்தான். அது ஆபத்து.

தருமபுரியில் ஏப்ரல், மே வெயில் கடுமையானது. கடைகள் நெருக்கமாக இருக்கும் நெடுஞ்சாலையில் ஒன்றரை லிட்டர் வைத்துக்கொண்டு அங்கங்கே நிரப்பலாம். ஆனால் பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கல் போகும் பாதை காட்டுக்குள் இறங்குகிறது. யானைகள் கடக்கும் ரோடு அது. நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, மாலை இருட்டுக்கு முன்பே தாண்டிவிட வேண்டும். வத்தல்மலையில் கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போதும் இப்படித்தான். இந்த மாதிரி பாதைகளுக்குள் நுழையும் முன் 3 லிட்டர் நிரப்பிக்கொள்வது பாதுகாப்பு. துணியில் ஒரு கிலோவைக் குறைத்துத் தண்ணீரில் ஒரு கிலோவைக் கூட்டலாம்.

எங்கே, எப்படிக் கட்டுவது?

முதுகில் பை மாட்டிக்கொண்டு ஓட்டுவது ஒரு நாளைக்குச் சரி. நீண்ட பயணத்தில் முதுகும் தோளும் வலிக்கும், வியர்வை காயாது, சைக்கிளும் சுலபமாக ஆடும்.

கனமான பொருட்கள் கீழே, சக்கரத்தின் மையத்துக்கு அருகில் இருக்க வேண்டும். இடது, வலது பைகளின் எடை ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் பின்னால் கட்டினால் ஏற்றத்தில் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில்பார் அலையும். எனவே டூல்ஸ் போன்ற சிறு கனமான பொருட்களை பிரேமுக்கு நடுவில் கட்டுவது நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். பைக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டு அதற்குள் துணியை வைக்க வேண்டும். நனைந்த துணியும் எடைதான்.

கிளம்பும் முன் ஒரு நாள் சோதனை

டூர் ஆஃப் நீலகிரீஸ் போன்ற குழுப் பயணங்களில் ஓட்டுகிறவர்களின் பைகள் வண்டியில் வரும். அந்த வீடியோக்களைப் பார்த்து தனியாகப் போகிறவர் திட்டம் போட்டால் கணக்கு தப்பும். தன் பையைத் தன் சைக்கிளில் கட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

தருமபுரிக்காரர்களுக்கு அதற்கு ஏற்ற பாதை ஒகேனக்கல். போக சுமார் 46 கிலோமீட்டர். சமதளம், மலை இறக்கம், திரும்பும்போது அதே ஏற்றம் என எல்லாம் இதில் உண்டு. அதிகாலையில் கிளம்பாமல், நன்கு வெளிச்சம் வந்த பிறகு காட்டுப் பாதைக்குள் போக வேண்டும்.

வந்த பிறகு பையை மொத்தமாகக் கொட்டி மூன்றாகப் பிரிக்கலாம். பயன்பட்டவை, பயன்படாவிட்டாலும் அவசரத்துக்கு வேண்டியவை, இரண்டிலும் சேராதவை. மூன்றாவது குவியல் வீட்டிலேயே இருக்கட்டும்.

பயணம் தொடங்கி மூன்று நாள் ஆன பிறகுதான் சுமை அதிகம் என்று தெரிந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வழியில் எந்த ஊர் தபால் நிலையத்திலும் தேவையில்லாததை பார்சல் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு, அதைத் தொப்பூர் இறங்கும் முன் தருமபுரியிலேயே செய்துவிடுவது நல்லது.