பழைய ஹை-எண்ட் ஸ்பீக்கர்: எதற்கு இவ்வளவு விலை, எங்கே மாட்டிக்கொள்வீர்கள்?

செகண்ட் ஹேண்ட் ஸ்பீக்கர் தேடியிருந்தால் கவனித்திருப்பீர்கள்: உங்களைவிட வயதில் மூத்த ஒரு ஜோடிக்கு, புது போனைவிட அதிக விலை போட்டிருப்பார்கள். அப்படி என்னதான் இருக்கு அதில்?

எல்எஸ்3/5ஏ-வை எடுத்துக்கொள்வோம். 1970-களில் பிபிசி பொறியாளர்கள் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்தது. ரோஜர்ஸ், ஸ்பெண்டார் போன்ற நிறுவனங்கள் உரிமம் பெற்றுத் தயாரித்தன. உயரம் சுமார் 30 செ.மீ.தான். அறிவிப்பாளரின் குரல் பிசகில்லாமல் போகிறதா என்று வேனுக்குள் இருப்பவர் கேட்டுச் சொல்ல வேண்டும், அதற்காகவே செய்தது. அதனால்தான், குரலுக்கு இதை அடிச்சுக்க ஆளில்லை என்று ரசிகர்கள் இன்றும் சொல்கிறார்கள். சின்ன ஃபிளாட்டுக்கும் பொருந்தும்.

ஆனால் பேஸ் குறைவு. குத்துப்பாட்டுக்கு இது சரிவராது. சென்சிடிவிட்டியும் சுமார் 83 டெசிபல்தான். 1946-இல் வந்த கிளிப்ஷ்ஹார்ன் 100-ஐத் தாண்டும். 3 டெசிபல் குறைந்தால், அதே சத்தத்துக்கு ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு பவர் தர வேண்டும். 20 டெசிபல் குறைந்தால் 100 மடங்கு! சரி, கிளிப்ஷ்ஹார்னையே வாங்கிடலாமா? அதைச் சுவர் மூலையில்தான் வைக்க முடியும். வாடகை வீட்டில் காலியாக இரண்டு மூலை இருக்கா, பாருங்கள்.

அடுத்தது வயது. மரப்பெட்டி பளபளப்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 1970-கள் முதல் 90-கள் வரை வந்த பல ஸ்பீக்கர்களில் கோனைச் சுற்றி ஃபோம் வளையம் இருக்கும். காற்றின் ஈரப்பதம் அதை மெல்லச் சிதைக்கும். சென்னை, மும்பை, கொச்சி போன்ற ஊர்களில் கேட்கவே வேண்டாம். நான் ஏமாந்ததும் இங்கேதான். படத்தைப் பார்த்து வாங்கிய ஜோடி, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது.

நல்லவேளை, ஃபோமை மாற்றிவிடலாம். உள்ளே கிராஸ்ஓவரில் இருக்கும் கெபாசிட்டர்கள் காய்ந்து அளவு மாறியிருந்தால் அவற்றையும் மாற்றலாம். டிரைவர் போனால்தான் சிக்கல். எல்எஸ்3/5ஏ-வின் டிரைவர்களைச் செய்துவந்த கேஇஎஃப், 1990-களின் இறுதியில் அவற்றை நிறுத்திவிட்டது. ட்வீட்டர் கருகினால், அசல் கேஇஎஃப் ட்வீட்டரைப் பெரும்பாலும் இன்னொரு பழைய ஸ்பீக்கரிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே ஃபோம் உதிர்ந்த ஜோடி என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். வேறு டிரைவர் போட்ட ஜோடி என்றால் விட்டுவிடுங்கள்.

நேரில் போனால் முன்துணியைக் கழற்றச் சொல்லுங்கள். சத்தத்தைக் குறைத்து ஒவ்வொரு டிரைவரிடமும் காதை வைத்துக் கேளுங்கள். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு, கோனை இரண்டு பக்கமும் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். உள்ளே உரசுகிற சத்தம் கேட்டால் வாய்ஸ் காயில் தட்டுகிறது என்று அர்த்தம். பணத்தை எடுக்காதீர்கள்.