பல்லக்கில் வந்த மலையேறிகள்: பாரமகால், 1792

போன எபிசோடுல ராயக்கோட்டை மலை ஏறின கதையைச் சொன்னேன். போச்சம்பள்ளியிலிருந்து ரெண்டு பைக், நாலு பேர், மூணு நாள், மூணு கோட்டை. அதுக்கு நிறைய பேர் கேட்ட கேள்வி, "இந்த ஐடியா எங்கிருந்து வந்தது?" ஒரு படத்துலேர்ந்துதான். ரொம்ப நாளா என் லேப்டாப் வால்பேப்பர் அது. ராயக்கோட்டைக் குன்று, வரைஞ்சவர்கள் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல்.

இவர்கள் சித்தப்பாவும் அண்ணன் மகனும். 1786ல கல்கத்தாவுக்கு வந்தவர்கள். 1789ல கர்வால் இமயமலை வரைக்கும் போய் வரைஞ்சுட்டு வந்தாங்க. அடுத்து தெற்கே வரணும், கையில காசு இல்லை. கல்கத்தாவுல தங்கள் ஓவியங்களையே பரிசா வச்சு ஒரு குலுக்கல் நடத்துனாங்க. இன்னைக்கு நாம கிரவுட் ஃபண்டிங்னு சொல்றோமே, அதேதான். 1792 ஏப்ரல்ல சென்னையிலிருந்து கிளம்பியாச்சு. அப்போ தாமஸுக்கு நாற்பதைத் தாண்டின வயசு, வில்லியமுக்கு இருபத்திரண்டு, இருபத்திமூணு இருக்கும்.

ஏப்ரல் வெயில்ல நம்ம பாறை மேல கால் வைக்க முடியாது, உங்களுக்கே தெரியும். ஆனா இவர்களோட வந்தது ஏறக்குறைய 50 பேர். ரெண்டு பல்லக்கு, அதைத் தூக்குறவர்கள், குதிரைக்குப் புல் அறுக்குறவர்கள், வரையுற மேசையைச் சுமக்குறவர்கள். நாங்க தலைக்கு மூணு பாட்டில் தண்ணி தூக்கிட்டுப் போனதுக்கே ராயக்கோட்டைப் பாதிப் படிக்கட்டுல உட்கார்ந்துட்டோம். அந்த 50 பேர்ல ஒருத்தர் பேர்கூட எந்தப் படத்துக்குக் கீழேயும் இல்லை.

இப்போ தேதியைக் கவனிங்க. திப்புவோட ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தம் கையெழுத்தானது 1792 மார்ச்ல. அதுல பாரமகால் கம்பெனி கைக்குப் போச்சு. டேனியல்கள் கிளம்பினது அடுத்த மாசமே. அதாவது, போர் முடிஞ்ச சூடு ஆறாத மண்ணுல நடந்திருக்காங்க. ராயக்கோட்டை விழுந்தது 1791 ஜூலையில. அதே வருஷம் நவம்பர்ல கர்னல் மேக்ஸ்வெல் படை ராத்திரியில கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்குச்சு. கீழ்க்கோட்டை வரைக்கும் ஏறிட்டாங்க. மேலேயிருந்து பாறாங்கல்லை உருட்டிவிட்டதும் திரும்பி ஓட வேண்டியதாப் போச்சு. நம்ம சையத் பாஷா மலையை அந்தப் போர்ல அவங்களால சண்டை போட்டுப் பிடிக்க முடியல. ஒப்பந்தக் காகிதத்துலதான் கிடைச்சது. (எங்க பாட்டி ஊர்க்காரங்க இதை இன்னும் பெருமையாச் சொல்வாங்க. நானும்தான்.)

படத்துல இது எதுவுமே தெரியாது. ராயக்கோட்டை, ஜெகதேவி மலைகள், ஓசூர் எல்லாமே அமைதியா இருக்கும். பல வருஷம் எனக்குப் பிடிச்சதே அந்த அமைதிதான். தேதிகளை வரிசையா வச்சுப் பார்த்த அன்னைக்கு வால்பேப்பரை மாத்திட்டேன். பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லல. இருட்டுப் பெட்டின்னு ஒரு கருவி வழியா உருவத்தைக் காகிதத்துல விழவச்சுத்தான் கோடு போட்டாங்க, அதனால மலையோட வடிவம் கச்சிதமா இருக்கும். விட்டுப்போனது மனுஷங்க கதை மட்டும்தான்.

இன்னொரு விஷயம். அந்த ஒப்பந்தத்துல ஓசூர் சேரல. அது 1799ல திப்பு இறக்குற வரைக்கும் மைசூர்தான். படத்துத் தலைப்பும் 'மைசூரில் ஓசூர்'னுதான் இருக்கு. தினமும் ஓசூருக்கு வேலைக்குப் போற என் ஃப்ரெண்டுகிட்ட, "டேய், நீ ஏழு வருஷம் வெளிநாட்டுல வேலை பார்த்திருப்ப"ன்னு சொன்னேன். பாரமகாலை நிர்வாகம் பண்ண வந்தவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளர் தாமஸ் மன்றோ, பின்னாடி சென்னை கவர்னர் ஆனாரே, அவரேதான்.

டேனியல்கள் அப்புறம் சங்ககிரி, மதுரை, பாபநாசம் அருவின்னு போய், வருஷக் கடைசியில சென்னை திரும்பினாங்க. 1793ல அங்கேயும் ஒரு குலுக்கல். லண்டன் போய் செப்புத் தகட்டுல அமிலம் வச்சு அரிச்சு, 1795லேர்ந்து 1808க்குள்ள 144 படங்கள் அச்சடிச்சாங்க.

எங்க மூணாம் நாள் ஜெகதேவி. ஃபோன்ல அவங்க படத்தைத் தூக்கிப் பிடிச்சு, எந்த இடத்துல உட்கார்ந்து வரைஞ்சிருப்பாங்கன்னு ஒரு மணி நேரம் தேடினோம். மலையோட விளிம்புக் கோடு ஓரளவு பொருந்துச்சு. அந்தப் பக்கம் கிரானைட் குவாரி லாரிகள் போய்க்கிட்டே இருந்ததால, பேசினதை ரெக்கார்ட் பண்ண முடியல.