ஊழியமும் உண்டியலும்

தமிழ்க் கிறித்தவ வழக்கில் ‘ஊழியம்’ என்றால் இறைப்பணி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் அதே சொல், கூலியில்லாமல் வாங்கப்பட்ட கட்டாய உழைப்பின் பெயர். ஒடுக்கப்பட்ட சாதியினர் அரசுக்குச் செய்து தீரவேண்டிய கடமையாக அது இருந்தது. தேவாலயங்களின் பெண்கள் சங்கங்களைப் பற்றி எழுதும்போது இந்த இரண்டு பொருளையும் மனத்தில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆலயத்தைப் பெருக்குவது, பண்டிகைக்குச் சமைப்பது, நோயாளியைப் பார்க்கப் போவது, உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துக் காணிக்கையாக்குவது ஆகிய எல்லாமே சேவை என்று புகழப்பட்டன. உழைப்பு என்று கணக்கில் ஏறவில்லை. சபை வரலாறுகளில் போதகர்களுக்குத் தனித்தனியே பெயர் உண்டு. பெண்கள் ‘சகோதரிகள்’ என்ற பன்மைக்குள் அடங்கிவிடுவார்கள்.

அந்தப் பன்மையின் கையில் தனியாக ஓர் உண்டியல் இருந்தால் என்ன நடக்கும்? குண்டூரின் வரலாறு இதற்கு ஒரு விடை தருகிறது.

அன்றைய சென்னை மாகாணத்தின் தெலுங்குப் பகுதியான குண்டூரில் 1842இல் அமெரிக்க லுத்தரன் மிஷன் தொடங்கியது. அதை அனுப்பிய திருச்சபையின் பெண்கள் 1879இல் ஒகாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பணி செய்வது அதன் நோக்கம். பிரசங்க பீடம் அவர்களுடையது அல்ல. நாடு முழுவதிலும் பெண்களின் வாக்குரிமை அரசியல் சட்டத்தில் இடம்பெற 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் ஊர் ஊராக இருந்த கிளைகளின் சிறு சந்தாவும் நன்றிக் காணிக்கையும் சேர்ந்து ஒரு நிதியாயின. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த காசு அது. அதை எங்கே செலவிடுவது என்று பெண்களே கூடிப் பேசினார்கள், அறிக்கை எழுதினார்கள், வரவு செலவு பார்த்தார்கள். பின்னாளில் ‘லுத்தரன் வுமன்ஸ் வொர்க்’ என்று தங்களுக்கென ஓர் இதழும் நடத்தினார்கள்.

இந்தச் சங்கத்திடம் வந்து நின்றவர் அன்னா சாரா குக்லர். 1856இல் பிறந்தவர், பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் 1879இல் பட்டம் பெற்றவர். குண்டூரில் இருந்த மிஷனரி ஒருவரின் கடிதம் அவரை இந்தியாவின் பக்கம் திருப்பியது. மருத்துவராகப் போக விண்ணப்பித்தார். மருத்துவப் பணிக்குச் சங்கம் அப்போது தயாராக இல்லை. அந்தப்புரப் பெண்களுக்குக் கற்பிக்கும் ஜெனானா பணிக்கே அவரை அனுப்பியது. பெண்கள் அமைப்பே ஒரு பெண்ணின் தொழிலறிவை நம்பத் தயங்கிய இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது. பெண் என்றால் ஆசிரியை, ஆறுதல் சொல்பவள் என்ற வரையறை அவர்களுக்குள்ளும் வேரோடியிருந்தது.

குக்லர் மருந்துகளோடுதான் கப்பல் ஏறினார். 1883 இறுதியில் குண்டூர் வந்தவர், முதல் ஆண்டிலேயே தான் தங்கியிருந்த வீட்டிலும் நோயாளிகளின் வீடுகளிலுமாக 400க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தார். ஆண் மருத்துவரிடம் நாடி பிடிக்கக்கூடக் கை நீட்ட அனுமதிக்கப்படாத பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். தேவை கண்முன் நின்றபிறகு சங்கத்துக்கு மறுக்க வழியில்லை. 1885இல் அவரை மருத்துவ மிஷனரியாக முறைப்படி நியமித்தது. அதன்பின் சங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் மருந்தகம், 1898இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவமனை. பெண்கள் சேர்த்த சில்லறை, பிரசவ அறையாகவும் அறுவை மேசையாகவும் மாறியது.

குக்லர் கிழக்கே கப்பலேறிய அதே 1883இல் ஆனந்திபாய் ஜோஷி கல்கத்தாவிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். போய்ச் சேர்ந்தது குக்லர் படித்த அதே கல்லூரியில். 1886இல் பட்டம் பெற்றுத் திரும்பி, மருத்துவம் பார்க்கத் தொடங்கும் முன்பே 1887இல் காசநோயால் இறந்துபோனார். இருவரையும் அருகருகே வைத்தால் சில வேறுபாடுகள் தெரியும். ஒருவரின் பின்னால் அமைப்பும் ஆண்டுக்காண்டு வந்துசேரும் நிதியும் இருந்தன. மற்றவர் பெரிதும் தனி மனிதர்களின் நல்லெண்ணத்தை நம்பிப் போனவர். சாதனைப் பெண்களைத் தனித்தனியாகக் கொண்டாடும் வரலாறு, பின்னால் இருந்த கணக்கேடுகளைப் பார்ப்பதில்லை.

இந்தக் கதையைக் கருணையின் கதையாக மட்டும் சொல்லிவிட முடியாது. அந்தக் கால மிஷன் எழுத்துகளில் இந்தியப் பெண் மீட்கப்பட வேண்டியவளாகவே வருகிறாள். பேசுபவளாக அபூர்வமாகவே வருகிறாள். குண்டூர் லுத்தரன் சபையின் மக்களில் பெரும்பான்மையினர் மாலா, மாதிகா சமூகங்களைச் சேர்ந்தவர்கள். அக்கரைச் சங்கம் தந்தது பணமும் மருத்துவரும். நோயாளியின் மொழியில் பேசியவர்கள், இரவெல்லாம் கண்விழித்தவர்கள், கட்டு மாற்றியவர்கள், வீடு வீடாக நடந்தவர்கள் இந்த மண்ணின் பெண்கள். செவிலியராகவும் மருந்து கலப்பவராகவும் வேதாகமப் பெண்களாகவும் அவர்கள் உழைத்தார்கள். தீண்டத்தகாதது என்று ஒதுக்கப்பட்ட கைகளுக்குச் செவிலியர் பயிற்சி எத்தகைய திறப்பாக இருந்திருக்கும் என்பதைச் சாதியை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊதியம், சீருடை, ஊரைத் தாண்டிச் செல்லும் ஒரு தொழில் ஆகியவை பெண்களுக்கு வாய்த்தன. ‘ஊழியம்’ என்ற சொல்லிலிருந்து கூலியின்மை கொஞ்சம் உதிர்ந்த இடம் அது.

குக்லர் 1930இல் குண்டூரிலேயே இறந்தார். மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கியது. நன்கொடை தந்த சமீன்களும் நினைவில் நின்றார்கள். சந்தா தந்த பென்சில்வேனியா, ஒகாயோ குடும்பத் தலைவிகளும், பாத்திரம் கொதிக்க வைத்த குண்டூர்ப் பெண்களும் எந்தக் கல்வெட்டிலும் ஏறவில்லை.

அந்த அமெரிக்கத் திருச்சபை இணைப்புகளின் வழியே பெயரும் உருவும் மாறி வளர்ந்தது. அந்த மரபில் முதல் பெண் குருவாக எலிசபெத் பிளாட்ஸ் திருநிலைப்படுத்தப்பட்டது 1970 நவம்பரில். கேன்டனில் பெண்கள் சங்கம் கூடி அப்போது 91 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடல் கடந்து மருத்துவமனை கட்டும் ஆற்றல் பெண்களுக்கு உண்டு என்பதை அவ்வளவு காலமும் ஏற்றுக்கொண்ட சபை, அப்பம் பிட்டுக் கொடுக்க அவர்களுக்குத் தகுதி உண்டு என்பதை ஏற்க அத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. சேவைக்குக் கிடைக்கும் புகழ், அதிகாரத்தில் பங்காகத் தானே மாறுவதில்லை.

நம் ஊர்ச் சபைகளில் பெண்கள் சங்கங்கள் இன்றும் அரிசி சேர்க்கின்றன, பலகாரம் விற்கின்றன, புடவை தருகின்றன, மருத்துவமனைகளுக்கு நடக்கின்றன. அவர்களின் நூற்றாண்டு மலர்களில் பாராட்டுரைகளைத் தள்ளிவிட்டுக் கணக்குப் பக்கங்களைப் படிக்க வேண்டும். யார் சேர்த்த பணம், செலவுக்குக் கையெழுத்திட்டது யார், தீர்மானம் போட்ட கூட்டத்தில் அமர்ந்திருந்தவர்கள் எவரெவர் என்று கேட்க வேண்டும். வயதான உறுப்பினர்களின் பெயர்களையும் அவர்கள் செய்த வேலையையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லி, அவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும்.