கேலிக்கும் முறை உண்டு



எதிரணி நண்பர், "பேருல என்னங்க இருக்கு? தப்புப் பண்ணினா தண்டனை, அவ்வளவுதானே!" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நீங்களும் நல்லாக் கைதட்டினீங்க. நான் ஒரே ஒரு வார்த்தையை எடுத்துக்கொள்கிறேன். 'ஈவ் டீசிங்'.

ஈவ் என்றால் ஏவாள். டீசிங் என்றால் கேலி, சீண்டல். இரண்டும் இங்கிலீஷ்தான், ஆனா இங்கிலாந்துக்காரன்கிட்ட சொல்லிப் பாருங்க, முழிப்பான்! நம்ம நாட்டிலும் பக்கத்து நாடுகளிலும் புழங்குகிற சொல் அது. பழம் கொடுத்து ஆளைக் கெடுத்தவள் ஏவாள் என்பது கதை. ஆக, பாதிப் பழி அவள்மேல். மீதிப் பாதி? கேலி! கேலிக்கு எந்த ஊர்லங்க ஜெயில்?

நம்ம ஊர்ல கேலிக்கும் முறை உண்டு. மஞ்சத்தண்ணி ஊத்துறதுன்னா முறைக்காரன்தான் ஊத்தணும். அவளும் திருப்பி ஊத்துவாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பொண்ணுக்கும் பைக்கில் உரசிக்கிட்டுப் போறவனுக்கும் என்னங்க முறை?

சட்டம் இல்லாமல் இல்லை. 1860-இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 509-வது பிரிவு, பெண்ணை இழிவுபடுத்தும் சொல்லுக்கும் சைகைக்கும் ஓராண்டு வரை சிறை என்றது. ஆனால் 'கேலி பண்றான்' என்று புகார் சொன்னால், 'வயசுப் பசங்க, அப்படித்தாம்மா இருப்பாங்க' என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை வாங்கிக் கொடுத்ததே வார்த்தைதான்.

1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இந்தக் 'கேலி'யில் உயிரையே விட்டாள். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. பஸ் ஸ்டாப், சாலை, ரயில் நிலையம், தியேட்டர், கடற்கரை, கோயில் என்று இடங்களை வரிசையாக எழுதினார்கள். பாராட்டுகிறேன். ஆனால் சட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? ஈவ் டீசிங் தடைச் சட்டம்! ஒரு உயிர் போன பிறகும் அது கேலிதான்!

2002-இல்தான் 'பெண்களைத் துன்புறுத்துதல்' என்று பெயரைத் திருத்தினார்கள். 2012-இல் உச்ச நீதிமன்றமும், ஈவ் டீசிங் என்பது பூசி மெழுகிய சொல் என்றது. 2013-இல் பாலியல் துன்புறுத்தலும், பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதும் தனித்தனிக் குற்றங்கள் ஆயின. 509-க்கும் மூன்றாண்டு வரை சிறை என்றானது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவை உண்டு. ஏவாளைக் காணோம்.

பெயரில் ஒன்றுமில்லை என்றால், இத்தனை திருத்தம் எதுக்குங்க?

மணி அடிச்சிட்டீங்க நடுவர் அவர்களே, உட்கார்றேன். நாளைக்குப் பேப்பர்ல 'ஈவ் டீசிங்'னு தலைப்பு வந்தா, எதிரணி நண்பர்கிட்ட காட்டுங்க.