பாஸ் கிதாரின் பழைய ஓசையும் மின்தேக்கியின் பங்கும்

1950-ஆம் ஆண்டுகளிலும் 1960-ஆம் ஆண்டுகளிலும் அமெரிக்காவில் செய்யப்பெற்ற பாஸ் கிதார் ஒன்றின் தகட்டைக் கழற்றிப் பார்ப்போர் அதனுள் காண்பன மிகச் சிலவே. செம்புக் கம்பிகள் சில. திருகு குமிழ்களின் அடியில் மாற்றத்தக்க மின்தடைகள் இரண்டோ மூன்றோ. அவற்றுள் ஒன்றோடு பற்றவைக்கப்பெற்ற சிறியதொரு மின்தேக்கி. வானொலி பழுது பார்ப்போர் கண்டன்சர் என்று வழங்கும் பொருளே இது. புதிதாக வாங்கினால் சில காசுக்குக் கிடைக்கும். ஆயினும் அக்காலத்து மின்தேக்கி என்றால் பன்மடங்கு விலை கொடுத்து வாங்குவோர் இன்று உளர். பழைய பாஸ் கிதாரின் தடித்த, கனிந்த ஓசை அதனுள்ளேதான் குடிகொண்டிருக்கிறது என்பது அவர்தம் நம்பிக்கை. இந்நம்பிக்கை எத்துணை மெய் என்பதை அறிய, வரலாற்றையும் மின்னியலையும் ஒருங்கு வைத்துப் பார்த்தல் வேண்டும்.

பாஸ் கிதார் தோன்றுவதற்கு முன்பு இசைக்குழுக்களில் மெலிவு நிலை ஒலிகளைத் தந்து வந்தது டபுள் பாஸ் என்னும் ஆளுயரப் பிடிலாகும். அதைத் தூக்கிச் செல்வது பெரும்பாடு. முரசும் எக்காளமும் முழங்கும் நடன அரங்கில் அதன் ஒலி எடுபடுவதும் அரிது. வீணையில் இருப்பன போன்ற மெட்டுகள் அதற்கு இல்லை; ஆதலால் சுருதி பிசகாமல் வாசிக்க நீண்ட பயிற்சி வேண்டும். இக்குறைகளை மின்னாற்றலின் துணையால் நீக்க முயன்றவருள் ஒருவர் சியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க். அவர் 1936-ஆம் ஆண்டளவில் மெட்டுகளோடு கூடிய மின் பாஸ் ஒன்றைச் செய்து ஆடியோவாக்ஸ் என்ற பெயரில் விற்றார். அஃது ஊர் கடந்து பரவவில்லை. பரவும்படி செய்தவர் லியோ ஃபெண்டர்.

1909-இல் கலிபோர்னியாவில் பிறந்த ஃபெண்டர் இசைவாணர் அல்லர். கிதார் வாசிக்கவும் அறியார். கணக்கெழுதும் தொழிலுக்குப் பயின்று, 1938-இல் ஃபுல்லர்டன் நகரில் வானொலி பழுது பார்க்கும் கடை வைத்தவர் அவர். இதை நினைவிற் கொண்டால்தான் மின்தேக்கி கிதாருக்குள் நுழைந்த வழி விளங்கும். 1930-ஆம் ஆண்டுகளின் வானொலிப் பெட்டிகளில், ஒலியின் கூர்மையையும் இரைச்சலையும் குறைப்பதற்கென்று ஒரு குமிழ் வைக்கப்பட்டிருந்தது. அதன் பின்னால் இருந்தவை ஒரு மாற்றத்தக்க மின்தடையும் ஒரு மின்தேக்கியுமே. ஃபெண்டரின் கருவிகளில் உள்ள 'டோன்' குமிழும் அதே அமைப்பினது. இசைக்கென்று அரிதின் முயன்று கண்டுபிடித்த நுட்பம் அன்று. பழுது பார்க்கும் மேசையிலிருந்து எடுத்து வைத்தது.

1950-இல் அவர் வெளியிட்ட பிராட்காஸ்டர் என்னும் மின் கிதாரில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் மாற்றுவிசையை ஒரு கோடிக்குத் தள்ளினால், மின்தேக்கி ஒன்று கூர் ஒலிகளை வடித்து நீக்கிவிடும். கிதார் பாஸ் போல் மழுங்கி ஒலிக்கும். பாஸ் கிதார் பிறப்பதற்கு முன்னரே அதன் வேடத்தைக் கிதாருக்குப் புனைந்தது இம்மின்தேக்கியே எனலாம். வேடம் போதவில்லை போலும். 1951-இன் இறுதியில் பிரசிஷன் பாஸ் வெளிவந்தது. நான்கு நரம்புகள், அவற்றின் அதிரும் நீளம் 34 அங்குலம், மிகத் தாழ்ந்த நரம்பின் அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 41. மெட்டுகள் இருந்தமையால் சுருதி துல்லியமாக அமைந்தது. துல்லியம் என்னும் பொருளுடைய பெயரும் அதனால் வந்ததே. லயனல் ஹாம்ப்டனின் இசைக்குழுவில் மங்க் மாண்ட்கோமரி இதனை ஏந்தி வாசித்தது, பலர் கண்ணிலும் காதிலும் இக்கருவி படுவதற்கு வாய்ப்பாயிற்று. 1957-இல் இதன் ஒலியேற்பி இரு கூறாக மாற்றியமைக்கப்பட்டது. 1960-இல் ஜாஸ் பாஸ் என்னும் உடன்பிறப்பும் தோன்றியது.

நிற்க. மின்தேக்கி செய்யும் வேலை யாது? நரம்பு அதிரும்பொழுது, அதன் கீழுள்ள காந்தத்தைச் சுற்றிய கம்பிச்சுருளில் சிறு மின்னோட்டம் எழுகிறது. அவ்வோட்டத்தில் நரம்பின் அடிப்படை ஒலியும், அதன் மேல் அடுக்கடுக்காக எழும் நுண்ணொலிகளும் கலந்திருக்கும். மின்தேக்கி, விரைந்த அதிர்வுகளுக்கு எளிதில் வழிவிடும். மெல்லிய அதிர்வுகளைத் தடுத்து நிறுத்தும். ஏரியின் கலிங்கு மேல்மட்ட நீரை மட்டும் வழியவிடுவது போல, இது மேல் ஒலிகளை மட்டும் நிலத்தொடர்புக்கு வழியவிடுகிறது. குமிழோடு கூடிய மின்தடை அக்கலிங்கின் அடைப்புப் பலகை என்க.

கணக்கிட்டுப் பார்த்தால் செய்தி இன்னும் தெளிவாகும். ஃபெண்டரின் பாஸ்களில் 0.05 மைக்ரோஃபாரட் அளவுள்ள மின்தேக்கியும் உண்டு, 0.1 அளவுள்ளதும் உண்டு. நொடிக்கு 1,000 அதிர்வுள்ள ஒலிக்கு முன்னது காட்டும் எதிர்ப்பு ஏறக்குறைய 3,200 ஓம். பின்னது காட்டுவது அதிற் பாதி, 1,600 ஓம். 100 அதிர்வுள்ள ஒலிக்கு இவை முறையே 32,000, 16,000 என உயரும். ஆகவே அடைப்புப் பலகையை முற்றும் எடுத்துவிட்டால், அதாவது குமிழைக் கடைசிவரை குறைத்துவிட்டால், 0.1 அளவுள்ள கருவி மிகுதியும் இருண்டு ஒலிக்கும். இவ்வேறுபாட்டைக் காது எளிதில் உணரும். ஜமைக்காவின் ரெகே இசையைப் போலக் குமிழைக் குறைத்து வாசிக்கும் மரபுகளில் மின்தேக்கியின் அளவுக்கு உண்மையாகவே ஓர் இடம் உண்டு.

ஆனால் குமிழ் உச்சத்தில் நிற்கும்போது நிலைமை வேறு. அப்பொழுது மின்தேக்கிக்கு முன்னால் 250,000 ஓம் மின்தடை குறுக்கே நிற்கிறது. இத்துணைப் பெருஞ்சுவருக்குப் பின்னால் இருப்பது 3,200 ஓமா, 1,600 ஓமா என்பது ஒரு பொருட்டன்று. மின்தேக்கி கருவிக்குள் இருக்கிறது. வேலை செய்யவில்லை என்றே கொள்ளலாம்.

இனி, அளவு ஒன்றாயிருப்பினும் ஆக்கப்பொருள் வேறுபட்டால் ஓசை வேறுபடும் என்பார் கூற்றைக் காண்போம். ஐம்பதுகளில் மெழுகு தோய்ந்த தாள் மின்தேக்கிகள் வழக்கில் இருந்தன. அறுபதுகளில் பீங்கான் வில்லைகள் வந்தன. தாளே இனிது, பீங்கான் கரகரப்பு என்பது அன்பர் சிலர் தீர்ப்பு. கிதாரின் சுருளில் எழும் மின்னழுத்தமோ மிகச் சிறிது. அவ்வளவில், அளந்து ஒத்துப் பார்த்த இரு மின்தேக்கிகளை ஆக்கப்பொருள் கொண்டு காது பிரித்தறியும் என்று கொள்ளுதற்கு இடமில்லை. அப்படியாயின் பழைய கருவிகள் ஒன்றுக்கொன்று வேறாக ஒலிப்பது ஏன்? ஒரு காரணம் மிக எளியது. அக்காலத்து மின்தேக்கிகள் தம்மேல் எழுதிய அளவினின்று 20 விழுக்காடு கூடவோ குறையவோ இருத்தல் இயல்பு. தாள் ஈரத்தை உறிஞ்சுவதால் ஆண்டுகள் செல்லச் செல்ல அளவு மேலும் பிறழும். பழைய வானொலியைச் செப்பனிடுவோர் முதலில் கழற்றி எறிவது இத்தகைய தாள் மின்தேக்கிகளைத்தான். வானொலியில் குப்பையாவது கிதாரில் மாணிக்கமாவது விந்தையே.

பழைய ஓசைக்கு உரிய காரணங்களை வேறிடத்தில் தேட வேண்டும். முதலாவது நரம்பு. அன்றைய பாஸ் நரம்புகள் தட்டையான நாடாக் கம்பி சுற்றியவை, தொட்டால் வழவழப்பானவை, கூர் ஒலி அவற்றில் இயல்பாகவே குறைவு. உருண்டைக் கம்பி சுற்றிய, கணீரென்று ஒலிக்கும் நரம்புகள் 1960-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில்தான் பரவலாயின. இரண்டாவது, பாலத்தின் மேலுள்ள உலோக மூடி. அதன் உட்புறம் ஒட்டிய மெத்தைத் துண்டு நரம்புகளை அழுத்தி, ஒலி நெடிது நீளாமல் அடக்கியது. இதை இடையூறு என்று கருதிப் பிற்காலத்தார் கழற்றி வைத்துவிட்டனர். மூன்றாவது ஒலிபெருக்கி. 1952-இல் வந்த பாஸ்மேன் என்னும் பெட்டி 26 வாட் ஆற்றலும் 15 அங்குல ஒலிவாங்கு கூம்பு ஒன்றும் உடையது. நுண்ணொலிகளை அது வெளிப்படுத்தியது சிறிதே. கூர் ஒலி பிறக்கும் இடத்திலும் குறைவு, வெளிவரும் இடத்திலும் குறைவு என்றால், இடையில் நிற்கும் மின்தேக்கி வடிகட்டுவதற்கு எஞ்சியது என்ன?

இவை அனைத்திற்கும் மேலாக வாசித்தவர் கை இருக்கிறது. பழைய பாஸ் ஓசை என்றவுடன் பலரும் எண்ணுவது டெட்ராய்ட் நகரத்து மோடவுன் நிறுவனத்தின் இசைத்தட்டுகளை. அவற்றுள் பெரும்பாலானவற்றில் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1936-இல் தென் கரோலினாவில் பிறந்து, இளமையில் டெட்ராய்ட் சென்று, பள்ளியில் டபுள் பாஸ் பயின்றவர் அவர். பிற்காலத்தில் ஏந்திய 1962-ஆம் ஆண்டுப் பிரசிஷன் பாஸையும் பெரும்பிடிலின் முறைப்படியே, சுட்டுவிரல் ஒன்றினால் மட்டும் சுண்டி வாசித்தார். தடித்த தட்டை நரம்புகளையே பூட்டினார். அறுந்தாலன்றி அவற்றை மாற்றார். மெத்தைத் துண்டையும் எடுத்ததில்லை. கருவியின் ஒலி பெரும்பாலும் நேரே பதிவுப் பலகைக்குச் சென்றது. டோன் குமிழ்? அதை அவர் உச்சத்திலேயே வைத்திருந்தார் என்பர். ஆயின், உலகம் போற்றும் அந்த ஓசையில் மின்தேக்கி ஏறக்குறைய உறங்கிக்கொண்டிருந்தது என்பதே கணக்குக் காட்டும் முடிவு.

அவ்விசைத்தட்டுகள் கோடிக்கணக்கானோர் வீடுகளுக்குச் சென்றன. உறைகளில் பாடகர் பெயர் இருந்தது, ஜேமர்சன் பெயர் இல்லை. 1971-இல் மார்வின் கே வெளியிட்ட இசைத்தட்டின் உறையில்தான் அவர் பெயர் உரிய முறையில் அச்சேறியது. அதற்குள் பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு பெயரின்றிப் போயிருந்தது. யார் வாசித்தார் என்பதை அறியாத செவி, எதனால் வாசித்தார் என்று தேடத் தொடங்கியதில் வியப்பில்லை. மரம், காந்தம், அரக்கு என்று ஒவ்வொன்றாகத் தேடிய தேட்டம் கடைசியில் மெழுகுத் தாள் வரை வந்து நின்றது.

ஜேமர்சன் 1983 ஆகஸ்டு 2-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தம் 47-ஆம் வயதில் காலமானார். 2000-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அவர் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் அந்த 1962-ஆம் ஆண்டுப் பாஸ் களவு போயிற்று. இன்றளவும் அது கிட்டவில்லை. அதனுள்ளிருந்த மின்தேக்கியும் அதனோடேயே போயிற்று. ஓசை மட்டும் இசைத்தட்டுகளில் இருக்கிறது.