திரித்துவத்தைக் கேள்வி கேட்ட தமிழர்: திருவேங்கடம் என்ற வில்லியம் ராபர்ட்ஸ்

நம் சங்கரன்கோவில் ஆடித்தபசு கதை எல்லோருக்கும் தெரியும். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்கள் சண்டை போட, கோமதி அம்மன் தவம் இருக்க, இறைவன் பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும் காட்சி கொடுத்தார். ராயகிரியில் இருந்து பஸ் ஏறிப் போய் நாமும் கும்பிட்டு வருகிறோம். அவர் ஒருவரா இருவரா என்று அங்கே யாரும் அடித்துக்கொள்வதில்லை. ஆனால் கிறிஸ்தவ உலகில் ஒருவரா மூவரா என்ற கேள்விக்காக உயிரே போயிருக்கிறது!

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவர், ஆனாலும் கடவுள் ஒருவரே. இதுதான் திரித்துவம். இந்தச் சொல் பைபிளில் எங்கும் இல்லை. கி.பி. 325ல் நிசேயாவிலும் 381ல் கான்ஸ்டான்டிநோபிளிலும் கூடிய ஆயர்கள்தான் இந்தக் கொள்கைக்கு உருவம் கொடுத்தார்கள். சொல் இல்லாவிட்டாலும் பொருள் இருக்கிறது என்பது சபையின் பதில். மத்தேயு 28:19ல் மூவர் பெயரும் சேர்ந்தே வருகிறது, அதையும் மறுக்க முடியாது.

இதை ஏற்காத மிக்கேல் செர்வேட்டஸ் 1553ல் ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். இங்கிலாந்தில் 1612ல் எட்வர்ட் வைட்மன் எரிக்கப்பட்டார். நியூட்டன்கூட திரித்துவத்தை ஏற்காதவர்தான், ஆனால் வெளியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். திரித்துவத்தை மறுப்பது குற்றம் என்ற சட்டம் இங்கிலாந்தில் நீங்கியதே 1813ல்தான்.

இனி நம் ஊர்க்காரர் கதைக்கு வருவோம். அன்றைய கர்நாடகச் சீமையில் ஒரு வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் திருவேங்கடம். அடிமையாகவும் பிறகு வேலைக்காரராகவும் வாழ்ந்தவர். கப்பலேறி இங்கிலாந்து போனார். ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்து வில்லியம் ராபர்ட்ஸ் ஆனார். பைபிளைத் தானே உட்கார்ந்து படித்தார். படிக்கப் படிக்க, சபை சொல்லும் மூவர் அதில் அவருக்குத் தென்படவில்லை. தியோபிலஸ் லிண்ட்சே, ஜோசப் பிரீஸ்ட்லி ஆகியோரின் நூல்கள் அவர் கைக்குக் கிடைத்தன. கடவுள் ஒருவரே, இயேசு கடவுள் அல்ல என்று சொன்ன இவர்களை யூனிடேரியன்கள் என்பார்கள். பிரீஸ்ட்லி யார் தெரியுமா? வேதியியல் பாடத்தில் ஆக்சிஜனோடு சேர்த்துப் படிக்கிறோமே, அவரேதான்! 1791ல் ஒரு கும்பல் பர்மிங்காமில் இருந்த அவர் வீட்டை எரித்தது.

சென்னைக்குத் திரும்பிய ராபர்ட்ஸ் 1795ல் யூனிடேரியன் கிறிஸ்தவ சபையை ஆரம்பித்தார். 1813ல் புரசைவாக்கத்தில் ஒரு சிறு ஆலயம் கட்டினார். ஆம், இங்கிலாந்தில் சட்டம் மாறிய அதே ஆண்டு! தமிழில் வழிபாட்டு நூலும் சிறு நூல்களும் எழுதினார். லண்டனில் இருந்த தாமஸ் பெல்ஷாமுக்கு அவர் எழுதிய கடிதங்கள் அங்கே அச்சாயின. அதன் பிறகுதான் இப்படி ஒரு சபை சென்னையில் இருப்பதே வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்தது. எந்த மிஷனும் அனுப்பாத, ஒரு தமிழர் தானாகவே நடத்திய சபை அது.

பொதுவாக இந்த விஷயத்தில் ராஜாராம் மோகன்ராயைத்தான் சொல்வார்கள். அவர் இயேசுவின் போதனைகளை மட்டும் தொகுத்து வெளியிட்டது 1820ல். செராம்பூர் மிஷனரி மார்ஷ்மன் அவரோடு பெரிய வாதமே நடத்தினார். கல்கத்தாவில் யூனிடேரியன் குழு அமைந்தது 1821ல். அதாவது நம் திருவேங்கடம் 26 வருடம் முந்தியவர்! ராய் பணக்காரர், பல மொழி அறிந்தவர். இவரோ வேலைக்காரர். வரலாற்றுப் புத்தகத்தில் யாருக்கு இடம் கிடைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

பல தெய்வங்களை விட்டு ஒரே தெய்வத்திடம் வாருங்கள் என்றுதான் மிஷனரிகள் இங்கே அழைத்தார்கள். அப்படி அழைக்கப்பட்டு வந்த ஒருவர், பிறகு ஏன் மூவர் என்று கேட்டால் அதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கொடுத்த விடை சரியா தவறா என்பது வேறு விஷயம். கேட்க அவருக்கு முழு உரிமை இருந்தது.

ராபர்ட்ஸ் 1838ல் இறந்தார். அவர் மகன் ஜோசப் ராபர்ட்ஸ் சபையைத் தொடர்ந்து நடத்தினார். அதே 1838ல்தான் நம் நெல்லைச் சீமையில் ரேனியஸ் ஐயரும் இறந்தார். அவர் 1826ல் கட்டிய பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தின் முறையான பெயரே தூய திரித்துவ ஆலயம்தான். ரேனியஸ் பெயர் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், திருவேங்கடத்தின் பெயரை நான் கேட்டவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நண்பர்களே, ஒன்று செய்து பாருங்கள். 1 யோவான் 5:7ஐப் பழைய தமிழ் பைபிளில் பாருங்கள். பரலோகத்தில் சாட்சி சொல்லும் மூவர் அதில் இருப்பார்கள். பிறகு 1995ல் வந்த திருவிவிலியத்தில் அதே வசனத்தைப் பாருங்கள். அந்த வரி அதில் இருக்காது. பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அது இல்லை என்பதுதான் காரணம். எராஸ்மஸ் 1516ல் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பிலும் அந்த வரி இல்லை. எதிர்ப்பு வந்த பிறகு 1522 பதிப்பில்தான் சேர்த்தார்.