எல்லைப்புறத்து மளிகைக் கடைகள்: அன்றும் இன்றும்

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விழைவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடிச் செல்வர். கோபாலபுரத்தில் வாழும் நமக்கு அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மாதந்தோறும் அரிசியும் பருப்பும் வாங்கும் கடைகளே நம் வாழ்வின் வரலாற்றைக் கூறும்.

பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியே பாலக்காடு செல்லும் சாலையில், தமிழ்நாடும் கேரளமும் கைகோக்கும் இடத்தில் அமைந்தது நம் ஊர். இவ்வெல்லை 1956 நவம்பர் 1 அன்று புதிதாகப் பிறந்ததன்று. அதற்கு முன்னரே சித்தூர் வட்டம் கொச்சி அரசின்கீழ் இருந்தது. 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் சேர்ந்தது. கிழக்கே பொள்ளாச்சியும் மேற்கே பாலக்காடும் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. இப்பக்கம் நாழி, இடங்கழி, பறை. அப்பக்கம் படி, வள்ளம். எல்லைப்புற வணிகர் இரு மொழியோடு இரு அளவையும் அறிந்திருக்க வேண்டியதாயிற்று. வீசையும் பலமும் போய்க் கிலோகிராம் வந்தது 1958-க்குப் பின்னரே. தமிழில் 'மளிகை' என்று நாம் கேட்டதை, மலையாளத்தார் 'பலசரக்கு' என்று கேட்டனர். பொருள் ஒன்றே, தராசும் ஒன்றே.

அக்கடையின் உயிர் பற்று நோட்டில் இருந்தது. கூலி கையில் வரும் நாளில் பழைய கணக்கைத் தீர்த்து, மறுநாளே புதுக் கணக்குத் தொடங்குவது வழக்கம். மழையால் வேலை நின்ற வாரத்திலும் அடுப்பு எரிந்ததற்கு அந்த நோட்டே காரணம். நள்ளிரவில் சாவு வீட்டிற்கு வேண்டியதைக் கதவு திறந்து கொடுத்தவரும் அக்கடைக்காரரே. எனினும் அதன் மறுபுறத்தை மறைத்தல் தகாது. கடன்பட்டவர் விலையைக் கேட்க இயலாது. நிறையைச் சோதிக்க நா எழாது. வேறு கடைக்குச் செல்லவும் கால் கூசும். உதவிய நோட்டே விலங்காகவும் அமைந்த வீடுகள் உண்டு.

இரண்டாவது வந்தது அரசின் கடை. 1960-களின் நடுவே கடும் உணவுப் பற்றாக்குறைக்கு ஆளான கேரளத்தில், 1966-ஆம் ஆண்டு ரேஷன் ஆணை நியாயவிலைக் கடைகளுக்கு உறுதியான அடித்தளம் இட்டது. 1974-இல் மாநில உணவுப் பொருள் வழங்கு கழகமாகிய சப்ளைகோ நிறுவப்பட்டது. 1980-இல் மாவேலி அங்காடிகள் தொடங்கின. அங்கே விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும்; ஏழைக்கும் செல்வர்க்கும் ஒரே விலை. அரிசி, உளுந்து, தேங்காயெண்ணெய் முதலிய 13 பொருள்களின் மானிய விலை 2016 முதல் 2024 பிப்ரவரி வரை உயர்த்தப்படாமல் இருந்தது சிறு செய்தியன்று. ஆனால், வரிசையில் நின்று உள்ளே சென்றபின் 'சரக்கு இல்லை' என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிய தாய்மார்களும் நம்மிடையே உளர். அரசு கடன் தராது. இரவில் கதவும் திறக்காது.

மூன்றாவது இந்நாளைய பேரங்காடி. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபின் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் நீங்கின; சாலைகளும் சீர்பெற்றன. உறையிட்ட பருப்பு, குறித்த எடை, அச்சிட்ட விலை, நாமே எடுத்துக்கொள்ளும் உரிமை ஆகியவை அதன் நன்மைகள். யாரும் நம்மை ஏற இறங்கப் பார்ப்பதில்லை. அதே வேளையில், கையில் காசில்லாத நாளில் நாம் யார் என்று அங்கே அறிவாரும் இல்லை.

இம்மூன்றையும் எக்கோலால் அளப்பது? விலையால் மட்டும் அளந்தால் போதாது. நம் பெயர் எங்கே எழுதப்பட்டது என்று பார்ப்போம். பழைய கடையில் அது கடனாளியின் பெயர். ரேஷன் அட்டையில் அது உரிமையுடைய குடிமகனின் பெயர். பிழைக்க வந்தவர் என்று கருதப்பட்ட நாம் இம்மண்ணினர் என்பதற்கு அவ்வட்டையே பல வீடுகளில் முதற்சான்று. பேரங்காடிச் சீட்டிலோ தொகை மட்டுமே முதன்மை. பெயர் இருந்தாலும் அது வெறும் வாடிக்கையாளர் கணக்கு.

நான்காவது வழி ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் 1844-இல் நெசவாளர் முதலிய உழைப்பாளர் சிலர் தம் சிறுசேமிப்பைத் திரட்டிக் கூட்டுறவுக் கடை திறந்தனர். அவ்வழியைப் பின்பற்றி 1904-இல் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அங்கே வாங்குவோரின் பெயர் உடைமையாளர் பதிவேட்டில் ஏறிற்று.

ஆண்டுக்கு ஒரு நாள் கூடி விழா எடுக்கும் நாம், மாதத்திற்கு ஒரு முறை கூடி அரிசியும் எண்ணெயும் மொத்தமாக வாங்கிப் பங்கிட இயலாதா? பத்து வீடுகள் முன்வரின் தொடக்கத்திற்குப் போதும். கடனாளியாகவும் அட்டைதாரராகவும் எழுதப்பட்ட நம் பெயர், இனி உடைமையாளராகவும் எழுதப்படுக. மூடும் நிலையிலுள்ள பழைய கடைக்காரரையும் அம்முயற்சியில் சேர்த்துக்கொள்வோம். சரக்கின் தரமறிந்த கை அது. நம் தந்தையர் காலந்தொட்டு நம் வீடுகளை அறிந்த கையும் அதுவே.